சித்தப்பாவின் முழங்காலும் ஜான் ஹன்டரும்

செஞ்சிக்காரங்களுக்கு ராஜகிரிதான் உடம்பை அளக்கும் கோல். சுமார் 800 அடி. போன தை மாசம் சித்தப்பா பாதியிலேயே உட்கார்ந்துட்டார். "கெண்டைக்கால் இழுக்குதுடா, வயசாச்சு." டாக்டர் முழங்காலுக்குப் பின்னால் விரல் வைத்தார், அங்கே ஓர் உருண்டை துடித்தது. ஸ்கேனில் தமனி இரண்டரை சென்டிமீட்டருக்கு உப்பியிருந்தது. அன்யூரிசம்.

"காலை எடுத்துடுவாங்களா?" சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இது. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

18ஆம் நூற்றாண்டு லண்டனில் இந்த நோய்க்குக் காலை வெட்டுவார்கள், இல்லையென்றால் வீக்கத்தைக் கீறித் திறப்பார்கள். இரண்டிலும் பலர் செத்தார்கள். 1785 டிசம்பரில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில், 45 வயது குதிரைவண்டிக்காரர் ஒருவருக்கு ஜான் ஹன்டர் வேறு வழி பார்த்தார். வீக்கத்தைத் தொடவே இல்லை. மேலே தொடையில், தமனி நல்லா இருந்த இடத்தில் நூலால் கட்டினார். பெரிய வழி அடைபட்டால் பக்கத்துச் சின்னக் குழாய்கள் விரிந்து காலைக் காப்பாற்றும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. சுமார் ஆறு வாரத்தில் அந்த மனிதர் இரண்டு காலோடு வீடு போனார்.

கத்தியில்லாத வழி வர நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆனது. 1964இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர், 82 வயதுப் பெண்மணியின் கால் தமனி அடைப்பைக் கத்தியில்லாமல், உள்ளே குழாய் விட்டே விரித்தார். 1990இல் புவனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி, வயிற்றுத் தமனி வீக்கத்துக்குள் உறை போட்ட ஸ்டென்ட்டைப் பொருத்தினார். சில வருஷத்தில் அது முழங்காலுக்கும் வந்தது.

இப்போது தொடை இடுக்கில் சின்னத் துளை, மெல்லிய கம்பி, அதன்மேல் மடக்கிய ஸ்டென்ட். உள்ளே போய் விரிந்ததும் ரத்தம் அதன் வழியே ஓடும். வீக்கம் வெளியே ஒதுங்கிவிடும். ஆனால் முழங்கால் மடங்குகிற இடம். ஸ்டென்ட் உடையலாம், அடைபடலாம். அதனால் உடம்பு தாங்குகிறவர்களுக்கு அவர்கள் காலின் சிரையையே எடுத்து பைபாஸ் செய்வதுதான் பல சமயம் நீடித்து நிற்கிறது. சித்தப்பாவுக்கு இதயம் பலவீனம். துளை வழிதான் தோதுப்பட்டது.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. இந்த வீக்கம் வெடிப்பது அபூர்வம். உள்ளே ரத்தம் உறைந்து கீழே பாதத்துக்குப் போகும் வழியை அடைப்பதுதான் ஆபத்து. கால் போவது அப்போதுதான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும், வயிற்றுத் தமனியிலும் இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு முழங்காலுக்குப் பின்னால் பலமாகத் துடித்தால் உடனே காட்டிடுங்க.

சித்தப்பா இப்போ மாத்திரை தவறாமல் போடுகிறார். கல்யாண மகால் வரை நடக்கிறார். அங்கே சம்மணம் போடாமல் காலை நீட்டி உட்கார்ந்து, மேலே ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.