புதுச்சேரிப் பள்ளியிசையும் பித்தளைக் குழலும்

புதுச்சேரியில் அணிவகுப்பின்போது மாணவர் ஊதும் பித்தளைக் கருவிகள் பிரெஞ்சுக்காரரால் வந்தவை என்பர். இது பாதியே பொருந்தும் என்பது எம் கருத்து.

மலைபடுகடாத்துக் கூத்தர் சுமந்து சென்றவற்றுள் பீலி அணிந்த கோடும் ஒன்று, கோடாவது ஊதுகொம்பு. தஞ்சைப் பெருவுடையார்க்கு முதல் இராசராசன் பொற்காளங்கள் அளித்தமையைக் கல்வெட்டுக் கூறும். எக்காளம் இன்றும் திருவிழாக்களில் ஒலிக்கின்றது. இவற்றை ஊதுவோன் இதழ்களை இறுக்கி அதிரச் செய்கின்றான். இறுக்கம் மிகச் சுரம் உயரும். கார்னெட்டுப் பயிலும் மாணவன் முதலில் அல்லற்படுவதும் இவ்விதழ்ப் பயிற்சியிலேயாம். விரலுக்கு வேலை பின்னரே.

புதுமை யாதெனின், பிஸ்டனே. நீளம் மாறாத குழலில் இயற்கைச் சுரங்கள் சிலவே எழும். 1818-இல் செருமானியர் இருவர் இதற்கு உரிமம் பெற்றனர். கார்னெட்டின் முதற் பிஸ்டன் முழுச்சுரமும், இரண்டாவது அரைச்சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் தாழ்த்தும். முதலிரண்டும் கூடின் மூன்றாவதற்கு ஒப்பாதலின், எட்டு நிலைகளில் கிடைப்பன ஏழு நீளங்களே. பாரிசில் ஆர்பன் 1864-இல் வெளியிட்ட பயிற்சிநூல் இக்கருவிக்கு முறையான பாடம் வகுத்தது.

ஆகவே பிரெஞ்சு மரபினின்று பெற்றது விரற்பாடம். இதழ்ப்பாடம் இம்மண்ணில் முன்னரே உண்டு. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேர்வடத்தைப் பிரெஞ்சு ஆளுநரே பிடித்திழுத்த வழக்கமுடைய நாட்டில் இவ்விரு மரபும் அயலயலே வாழ்ந்தன. எனினும் இசைக்குழு தொடங்கும் பள்ளிகள் எக்காளக்காரரை ஆசிரியராக எண்ணிப் பார்ப்பதில்லை. முதற்பாடத்திற்கேனும் அவரை அழைத்தல் தகும். அவர்தம் தொழிலோ அருகி வருகின்றது.