விசிறிக்கு ஒரு வாசல்

ஸ்ரீரங்கத்தில் காருக்கு ஹீட்டர் என்றால் அம்மா மண்டபத்துப் படித்துறையே சிரிக்கும். ஆனாலும் உதகையிலிருந்து வந்த ஒரு சீமைக் காரில் அது இருந்தது. அதன் விசிறிதான் நின்றுபோயிருந்தது. உள்ளங்கை அகல விசிறி. அதைத் தொட முன்பலகை முழுவதையும் கழற்றியாக வேண்டும். எங்கள் தெரு மெக்கானிக் ஒரு பகல் பூராவும் தலைகீழாகக் கிடந்து, விரல்களைக் கீறிக்கொண்டு கழற்றினார். திரும்ப மாட்டுமுன் விசிறிக் கூட்டில் சதுரமாக ஒரு துண்டை வெட்டி, நாலு திருகாணியில் மூடி போட்டார். "அடுத்த தடவை அரைமணி வேலை, ஸார்" என்றார்.

இந்தப் புத்தி தொழிற்சாலைக்கே வந்ததுண்டு, வேறு வழியில்லாமல். 1953-ல் இங்கிலாந்தில், ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார் உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோவைப் போட்டியாளரான பி.எம்.ஸி. வாங்கிவிட்டது. ஒரே கூடாக உடல் செய்து தர ஆளில்லை. ஆகவே தனிச் சட்டம் போட்டு, அதன்மேல் தகடுகளைத் துண்டு துண்டாக போல்ட்டில் முடுக்கினார்கள். அப்படி 1959-ல் வந்ததுதான் ட்ரையம்ஃப் ஹெரால்டு. உருவம் தந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. மட்கார்டுகளோடு முன்பாகம் முழுவதும் முன்னே சாய்ந்து திறக்கும்; எஞ்சின் வெட்டவெளியில் நிற்கும். ரிப்பேர் செய்பவர் டயர்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளலாம்! தயவில் பிறந்த வசதியல்ல. இருந்தாலென்ன, முதுகு தப்பியதே.

1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாராயிற்று. பின்னச்சை மட்டும் நம் மெக்கானிக்குகள் வைதார்கள். பிறகு வந்த கெஸலில் அதையும் மாற்றிவிட்டார்கள்.