வேஷம் போட்ட மருத்துவமனை

1980 டிசம்பர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊர். ஹாலிவுட் நடிகர் பால் நியூமனும் அவருடைய நண்பர், எழுத்தாளர் ஏ.ஈ. ஹாட்ச்னரும் பெரிய தொட்டியொன்றில் எண்ணெய், வினிகர், கடுகு, மசாலா எல்லாம் கொட்டிப் படகுத் துடுப்பால் கலக்கிக்கொண்டிருந்தார்கள். நியூமன் வீட்டு சாலட் டிரெஸ்ஸிங் அது. பழைய ஒயின் பாட்டில்களில் ஊற்றி, கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க நினைத்தார்கள். வாங்கியவர்கள் மறுபடியும் வந்து கேட்டார்கள். விளையாட்டாகத் தொடங்கியது 1982இல் 'நியூமன்ஸ் ஓன்' என்ற நிறுவனமானது. வரி போக மிஞ்சும் லாபம் முழுவதும் தர்மத்துக்கு என்பது அதன் விதி. பணம் கொட்டியது. எதற்குக் கொடுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி.

அதே காலத்தில் மருத்துவ உலகில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1960களின் தொடக்கம்வரை, பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் பெற்றோர் அநேகமாக நாளை எண்ணத்தான் வேண்டியிருந்தது. மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கலும் அவருடைய குழுவினரும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தனியாகச் சிகிச்சை செய்து, அந்த நிலையை மாற்றினார்கள். 1970களின் தொடக்கத்தில் ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் பிழைக்கும் காலம் வந்தது.

ஆனால் பிழைப்பதற்கு ஒரு விலை இருந்தது. சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் நீண்டது. கீமோவில் தலைமுடி கொட்டும், வெள்ளை அணுக்கள் குறையும், சாதாரணக் காய்ச்சலே ஆபத்தாகும். பள்ளிக்கூடம் பாதி நாள் கிடையாது. மற்றப் பிள்ளைகள் போகும் கோடை முகாம்களோ இவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. நடுக்காட்டில் நள்ளிரவில் ஜுரம் வந்தால் யார் பார்ப்பது? அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

இந்தப் பிள்ளைகளுக்கென்றே முகாம் நடத்தலாம் என்று யோசித்த முதல் ஆள் நியூமன் அல்ல. மகளுக்கு மூளைக்கட்டி என்று தெரிந்ததும், 1979இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் கேரி மெர்விஸ் என்ற தந்தை அப்படியொரு முகாமுக்கு வித்திட்டார். நியூமன் செய்தது, அந்த யோசனைக்கு ஒரு நிரந்தர ஊரையே கட்டியது.

தன் வெற்றியில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று நியூமன் வெளிப்படையாகச் சொல்லிவந்தவர். தனக்கு வாய்த்த அதிர்ஷ்டம் வாய்க்காத பிள்ளைகளுக்குத் தான் பட்ட கடனைத் தீர்க்கும் வழியாக இந்த முகாமைப் பார்த்தார். கனெக்டிகட்டிலேயே ஆஷ்ஃபோர்டு என்ற சிற்றூருக்கு அருகே காட்டு நிலம் வாங்கப்பட்டது. சேதி பரவியது. நீச்சல்குளம் கட்டும் தொழிலில் இருந்தவர்கள் குளத்தைக் கட்டிக்கொடுத்தார்கள். தலசீமியா என்ற ரத்தநோயுள்ள சவூதி இளைஞர் ஒருவர் கேள்விப்பட்டுத் தங்கள் மன்னரிடம் முறையிட, அங்கிருந்து 50 லட்சம் டாலர் வந்தது. 1988 கோடையில் முகாம் திறந்தது. பெயர் 'ஹோல் இன் தி வால் கேங்'. நியூமன் 1969இல் நடித்த கௌபாய் படத்தில் வரும் கொள்ளைக் கூட்டத்தின் பெயர் அது.

பெயருக்கேற்றபடி முகாமே பழைய மேற்கத்திய சினிமா ஊர்போல எழுந்தது. மருத்துவப் பொறுப்பை ஏற்றவர் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைநல ரத்தநோய் நிபுணர் ஹோவர்ட் பியர்சன். கொள்ளைக்காரர் ஊரில் ஆஸ்பத்திரி எதற்கு? அதனால் மருத்துவ நிலையமும் வேஷம் போட்டுக்கொண்டது. கௌபாய் கதைகளில் துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன 'ஓகே கொரால்' என்ற பெயரை அதற்கு வைத்தார்கள். உள்ளே டாக்டர், நர்ஸ், மருந்து எல்லாம் தயார். பிள்ளை மருந்தை வாங்கிக்கொண்டு மீன் பிடிக்க ஓடிவிடலாம். அரிவாள் செல் சோகை என்ற ரத்தநோய் உள்ள பிள்ளைகளும் வந்தார்கள்; அவர்களுக்குக் குளிர்ந்த நீர் வலியைக் கிளப்பும் என்பதால் குளத்து நீரை வெதுவெதுப்பாக வைத்தார்கள். ஏன் வெதுவெதுப்பு என்று குதிக்கும் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

முகாமின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். சிகிச்சை ஒரு வேளைகூடத் தவறுவதில்லை, ஆனால் நாளை நடத்துவது சிகிச்சை அல்ல. வீட்டில் எல்லோரும் 'ஓடாதே, ஏறாதே' என்று சொல்லிப் பழகிய பிள்ளையிடம் இங்கே 'ஏறிப் பார்' என்கிறார்கள். மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் திரும்புவதில்லை, பக்கத்தில் இருப்பவனுக்கும் அதே தலை.

பிறகு இன்னொன்றும் புரிந்தது. ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் வீட்டில் இன்னொரு பிள்ளை கண்ணில் படாமல் போய்விடுகிறது. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்க, பாட்டி வீட்டில் வளரும் தங்கைக்குக் கோபம் உண்டு. கோபப்படுகிறோமே என்ற குற்றவுணர்வும் உண்டு. அவர்களுக்கென்று தனி முகாம் வந்தது. பெற்றோரும் சேர்ந்து வந்து தங்கும் குடும்ப வார இறுதிகளும் வந்தன. தங்களைப் போன்ற இன்னொரு தாயிடம் அவர்கள் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

1994இல் அயர்லாந்தில், கில்டேரிலுள்ள பேரட்ஸ்டவுன் கோட்டை இதே வழியில் முகாமானது. ஹங்கேரி, இத்தாலி, இஸ்ரேல், ஜப்பான் என்று பரவி, இன்று 'சீரியஸ்ஃபன்' என்ற கூட்டமைப்பாக நிற்கிறது. நியூமன் 2008இல் காலமானார். முகாமுக்கு வரும் குடும்பம் கட்டணமாக ஒரு காசும் தர வேண்டாம் என்ற அவருடைய விதி மட்டும் மாறவில்லை. சிகிச்சைச் செலவிலேயே பாதி கரைந்துபோன வீட்டுக்கு, அந்த விதி இல்லையென்றால் முகாமின் வாசல் இருந்தும் இல்லாததுதான்.