காசும் கேஷும் ஒரே சொல்லா?

தம்பி, தங்கைகளே,

எனக்கு அப்போது 15 வயது. இங்கே சுவிஸ் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் தாய்மொழி பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். “ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ எங்கள் ‘காசு’ என்ற சொல்லிலிருந்து வந்தது” என்று பெருமையாகச் சொன்னேன். ஆசிரியர் அகராதியை எடுத்து வாசித்தார். லத்தீன் மொழியில் ‘கப்சா’, பொருள் பெட்டி. வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள் வகுப்பில் தமிழைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஆசிரியர் சொன்னது சரிதான். ஆனால் அவர் வாசித்தது பாதிக் கதை. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன.

முதலாவது பெட்டிக் கதை. ‘கப்சா’ இத்தாலிய மொழியில் ‘கஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’, ஜெர்மனில் ‘கஸ்ஸெ’ ஆனது. நாங்கள் கடையில் காசு கட்டும் இடம் கஸ்ஸெ. மாதாமாதம் அம்மா அப்பாவைப் பெருமூச்சு விட வைக்கும் மருத்துவக் காப்புறுதி ‘கிரங்கன்கஸ்ஸெ’. சின்ன வயதில் சில்லறை சேர்த்த உண்டியல் ‘கெஸ்ஸெலி’. எல்லாம் ஒரே குடும்பம். ஆங்கிலத்துக்கு இது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் போனது. முதலில் பணப்பெட்டியைக் குறித்த சொல், பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்கே பெயரானது.

இரண்டாவதுதான் எங்கள் காசு. சோழர் காலக் கல்வெட்டுகளில் காசு உண்டு, ‘ஈழக்காசு’ என்ற பெயரும் உண்டு. (இதன் வேர் சமஸ்கிருத ‘கர்ஷ’ என்ற எடைச்சொல் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.) 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். பின்னாலே போர்த்துக்கேய வணிகர்கள் வந்தார்கள். தென்னிந்தியச் சின்ன நாணயங்களின் பெயர் ‘காசு’ என்று அவர்கள் காதில் விழுந்தது. அவர்கள் மொழியில் பெட்டிக்கு ‘கைஷா’ என்று ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. அதுவும் ‘கப்சா’வின் பிள்ளைதான். நாணயத்தையும் அதே மாதிரி ‘கைஷா’ என்று எழுதிவிட்டார்கள்! அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தபோது அதுவும் ‘கேஷ்’ ஆனது. நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனச் செப்பு நாணயத்தைக்கூட ஐரோப்பியர் இந்தப் பெயராலேயே அழைத்தார்கள். தமிழ்ச் சொல் சீனச் சந்தை வரை போனது இப்படித்தான்.

சென்னையில் ஆங்கிலக் கம்பனியின் கணக்கு இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3360 காசு. 1818இல் ரூபாய் வரும்வரை இந்தக் கணக்குத்தான். அந்தக் காசுகளில் ஒரு பகுதியை இங்கிலாந்திலேயே அச்சடித்தார்கள். அவற்றை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் சுழியோடிகள் பெருந்தொகை நாணயங்களை மேலே எடுத்தார்கள். அதில் ஒன்றை நானும் வாங்கினேன். 1808ஆம் ஆண்டு, ரோம எண்ணில் 20, பக்கத்தில் ‘கேஷ்’. சென்னைக்குப் போய்ச் சேராத காசு இப்போது என் மேசையில் இருக்கிறது.

என் வேலையில் மூன்றாவது ‘கேஷ்’ ஒன்றும் உண்டு. கணினி அடிக்கடி தேவைப்படும் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் நினைவகம் அது. 1968இல் ஐபிஎம் தன் கணினி ஒன்றுக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தியது. அது பிரெஞ்சில் ‘ஒளித்து வைப்பது’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்று, உறவு இல்லை.

“எல்லாச் சொல்லும் தமிழிலிருந்தே வந்தது” என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே வகுப்பில் சொன்னால், எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். அதற்காக, யாரோ சிரித்தார்கள் என்று உண்மையான பாதியையும் விட்டுவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

எங்கள் அப்பம்மா காசை வைப்பது லாச்சியில். அது டச்சுச் சொல். அவர் இருக்கும் கதிரை போர்த்துக்கேயச் சொல். கொடுத்திருக்கிறோம், வாங்கியும் இருக்கிறோம். இரண்டையும் சேர்த்துச் சொல்பவரைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது.

உங்கள் வகுப்பில் மொழி பற்றிப் பேசும் முறை வந்தால், அகராதியைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுப் போங்கள். ‘கேஷ்’ இரண்டு தடவை இருக்கும். இரண்டாவதில் நாங்கள் இருக்கிறோம்.