வேணும், விசுவாசம், கைத்தடி: மன்னார்க் கடலுக்கு வேலைக்கு வந்தவர்களின் பாஷை

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறதென்றால் எங்கட ஆக்கள் முதலில் தேடுறது பாஷை வகுப்பைத்தான். கொரியாவுக்குக் கொரிய மொழிப் பரீட்சை, ஜெர்மனியில் தாதி வேலைக்கு பி2, இங்கிலாந்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். இதெல்லாம் எங்கட தலைமுறைக்கு வந்த கரைச்சல் என்று நினைக்கிறோம். ஆனால் பாஷை தெரியாமல் மன்னார்க் கடலின் இரண்டு கரையிலும் வேலைக்கு வந்து இறங்கின வெளிநாட்டுக்காரரின் கதை கிட்டத்தட்ட 480 வருசப் பழசு. அந்தக் கதையில் கஷ்டமான பாஷை தமிழ்!

1542இல் பிரான்சிஸ் சவேரியார் எதிர்க்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று போட்டிருந்தார்கள். சனமும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. 1544இல் தன் தோழர் மன்சிலாசுக்கு எழுதின கடிதத்தில் சவேரியாரே அதை மாற்றச் சொல்கிறார். (கடவுளைப் பார்த்து ‘வேணும்’ என்று சொல்றது எனக்கு அவ்வளவு பிழையாகப் படவில்லை. அது வேற கதை.)

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதே 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். துபாசிகளின் உதவியோடு இந்தக் கரைகளில் பரவின ஒரு நம்பிக்கைக்காகச் சனம் உயிரைக் கொடுத்த காலம் அது. ஒரு சொல் பிழைத்தால் என்ன என்று அப்ப யாரும் கேட்டிருக்க ஏலாது.

இந்தக் குழப்பத்துக்குள் 1547இல் வந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகள். யூத வம்சம் என்பதால் போர்த்துக்கலில் பிரான்சிஸ்கன் சபை இவரை வைத்திருக்கவில்லை. பிறகு இயேசு சபையில் சேர்ந்துதான் இந்தியாவுக்கு வந்தார். துபாசியை நம்பி வேலை செய்ய இவருக்கு மனமில்லை. லத்தீன் படித்த முறையிலேயே தமிழையும் படித்தார்: எந்த வினைச்சொல் இறந்தகாலத்தில் எப்படி மாறும், எதிர்காலத்தில் எப்படி மாறும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். ஜொவாவோ த பார்ரோஸ் எழுதிய போர்த்துக்கீச இலக்கணம் அவருக்கு மாதிரி. 1549 அளவில் ‘மலபார் மொழிக்கலை’ என்ற கையெழுத்துப்படி உருவானது. மலபார் மொழி என்று அவர்கள் சொன்னது எங்கட தமிழைத்தான்.

1560இல் போர்த்துக்கீசர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். எதிர்க்கரையில் இருந்து பரவர் பலரும் இங்கே வந்து குடியேறினார்கள். அண்டிரிக் அடிகளும் வந்தார். 1561இல் அவர் மன்னாரில் இருந்து எழுதின கடிதம் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. அதற்காக அவரைத் ‘தமிழ் அச்சின் தந்தை’ என்று கொண்டாடுகிறோம். சரிதான். ஆனால் பாஷையை முப்பது வருசம் ஆறுதலாகப் படிக்க அவருக்கு வாய்த்ததற்குப் பின்னால் அந்தக் கோட்டையும் பீரங்கியும் நின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும். தமிழ் தெரியாது என்று அவரை ஒருத்தரும் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த ஆள் 1906இல் வருகிறார். அதற்குள் கோட்டை இரண்டு கை மாறி பிரித்தானியரிடம் இருக்கிறது. 25 வயது லெனார்ட் வூல்ஃப், இலங்கை சிவில் சேவை உத்தியோகத்தர். அந்தச் சேவையில் உள்ளூர்ப் பாஷைப் பரீட்சை உண்டு; யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த அவர் தமிழ் படித்தார். அவரை மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு அனுப்பினார்கள். சிப்பியை மூன்று பங்காகப் பிரித்து, இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளிகாரருக்கு. அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துறதும் அவருடைய வேலை. குளிகாரரில் தமிழரும் முஸ்லிம்களும் மட்டும் இல்லை, பாரசீக வளைகுடாவில் இருந்து வந்த அரபிகளும் பெருந்தொகை. படித்த தமிழ் அவர்களிடம் எடுபடாது. அரபிகளைக் கைத்தடியால் பலமாக அடித்தால் எதையும் செய்வார்கள், கொஞ்ச நாளாகத் தான் அந்த வேலையில்தான் இருப்பதாக நண்பர் லிட்டன் ஸ்ட்ராச்சிக்கு எழுதுகிறார். பிற்காலத்தில் பேரரசுக்கு எதிராக எழுதின அதே வூல்ஃப்தான்.

மன்னாருக்கு வேலைக்கு வந்தவர்களில் எனக்குக் கிட்டத்து ஆக்களாகத் தெரிவது அண்டிரிக் அடிகளோ வூல்ஃபோ இல்லை, அந்த அரபிகள்தான். மேலதிகாரியின் பாஷை தெரியாமல், தங்கட பாஷையை அவனும் படிக்காமல், மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கினவர்கள். இந்தக் கரையின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1925இல் நடந்தது. பிறகு வளைகுடாவில் எண்ணெய் வந்தது. இப்ப மன்னாரில் இருந்து பெண்கள் அந்தப் பக்கத்துக்கு வீட்டுவேலைக்குப் போகிறார்கள். போக முதல் நடக்கிற பயிற்சியில் கொஞ்சம் அரபு சொல்லிக் கொடுக்கிறார்கள், வீட்டு வேலைக்குத் தேவையான சொற்கள். மூன்று மாசமாகச் சம்பளம் தரவில்லை என்று ஒரு பொலிஸ் நிலையத்தில் போய் முறையிட அந்த அரபு காணுமா?