கடல் மேகத்தைத் தின்னும் கரி

புதியம்புத்தூர் பக்கம் மானாவாரியாக உளுந்தும் பாசிப்பயறும் போட்டவர்களுக்கு மேகம் என்றால் மழை மேகம்தான். ஆனால் மழையே தராமல் கடல்மேல் தாழ்வாக மிதக்கும் குட்டி மேகங்களுக்கும் பெரிய வேலை இருக்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பி, கடல் அதிகம் சூடாகாமல் காப்பவை அவை.

நீராவி வெறுமனே துளியாகாது. உப்பு, தூசு மாதிரி ஏதாவது ஒரு நுண்துகள் வேண்டும். துகள் கூடினால் துளிகள் சிறுத்துப் பெருகும், மேகம் இன்னும் வெளுக்கும். 1970களில் டூமி என்ற விஞ்ஞானி சொன்னது இது. அப்படியானால் புகை பூமியைக் குளிர்விக்கும் என்றுதானே கணக்கு வரும்?

அந்தக் கணக்கு இடித்தது நம் பக்கத்துக் கடலில்தான்! 1999 ஜனவரி முதல் மார்ச் வரை, இன்டோயெக்ஸ் என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு நடந்தது. தலைமை வகித்தவர்கள் இருவர்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதன், 1995இல் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன். கப்பல்கள், விமானங்கள், செயற்கைக்கோள்கள் எல்லாம் இறங்கின. தூத்துக்குடிக்குத் தென்மேற்கே சுமார் 660 கி.மீ. தள்ளி, மாலத்தீவின் காஷிதூ தீவில் ஓர் ஆய்வுக்கூடமும் இருந்தது.

ஏன் அந்த மாதங்கள்? தை, மாசியில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். புகையைக் கழுவ மழையும் இருக்காது.

கிடைத்தது, சுமார் 3 கி.மீ. உயரம் வரை பழுப்புப் புகைமூட்டம். அதில் அடுப்பு, டீசல், நிலக்கரிப் புகைகளின் கரியும் இருந்தது. கரி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். பகலில் அந்தச் சூட்டில் தாழ்ந்த மேகங்கள் கலைந்துபோகலாம். அளவுகளைக் கணினியில் போட்டுப் பார்த்து ஆக்கர்மன் குழு 2000இல் சயன்ஸ் இதழில் எழுதியது இதைத்தான். ஒரே புகை, மேகத்தை வெளுக்கவும் வைக்கும், கரைக்கவும் செய்யும்!

பிறகு வந்தது பெயர்ச் சண்டை. 2002இல் ஐ.நா. அறிக்கை 'ஆசியப் பழுப்பு மேகம்' என்றதும் இந்திய விஞ்ஞானிகள் சிலர் எதிர்த்தார்கள். பணக்கார நாடுகளின் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு ஏழை வீட்டு அடுப்பைக் குற்றம் சொல்வதா? நியாயமான கேள்வி. பெயர் 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' என்று மாறியது.

பெயர் மாறினாலும் கரி கரிதான். ஆனால் ஒரு நல்ல சேதி உண்டு. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும்; கரி சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள்தான். இன்று குறைத்தால் பலன் சீக்கிரமே தெரியும். அது முதலில் தெரிவது கடலில் அல்ல, ஊதாங்குழல் பிடித்தவரின் நெஞ்சில்.