மெக்டவல் (கலைஞர் உறைவிடம்)

மெக்டவல் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில், பீட்டர்பரோ என்னும் சிற்றூரில் அமைந்துள்ள கலைஞர் உறைவிடம் ஆகும். எழுத்தாளர்கள், இசையமைப்பாளர்கள், ஓவியர்கள் முதலானோர் சில வாரங்கள் தங்கித் தம் படைப்புப் பணியில் ஈடுபட இது தனிமையான பணிக்கூடத்தையும் உணவையும் கட்டணமின்றி வழங்குகிறது. 1907 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், அந்நாட்டில் இன்றும் இயங்கிவரும் மிகப் பழைய கலைஞர் உறைவிடங்களுள் ஒன்று. 2020 ஆம் ஆண்டு வரை இது *மெக்டவல் காலனி* என்று அழைக்கப்பட்டது.

== வரலாறு ==

இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய மனைவி மரியன் பியானோக் கலைஞர். இவர்கள் 1896 ஆம் ஆண்டில் பீட்டர்பரோவில் ஒரு பண்ணையை வாங்கிக் கோடைக்காலங்களை அங்குக் கழித்தனர். கணவர் இடையூறின்றி இசையமைப்பதற்காகக் காட்டினுள் மரத்தாலான ஒரு குடில் கட்டப்பட்டது. பிற்காலப் பணிக்கூடங்களுக்கு இக்குடிலே முன்மாதிரி.

நகரத்தில் தமக்குக் கைகூடாத அமைதி இங்குக் கிடைத்ததை உணர்ந்த எட்வர்ட், பிற கலைஞர்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். ஆனால் 1904 ஆம் ஆண்டிற்குப் பின் அவருடைய உடல்நலமும் மனநலமும் சீர்கெட்டன. உறைவிடம் தொடங்கப்பட்ட மறு ஆண்டே, 1908 சனவரியில், அவர் காலமானார்.

அதன்பின் நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர் மரியன். கணவரின் இசையை நாடெங்கும் பயணம் செய்து வாசித்தும், இசை மன்றங்களிலும் மகளிர் மன்றங்களிலும் உரையாற்றியும் அவர் நிதி திரட்டினார். 1938 ஆம் ஆண்டின் பெரும்புயலில் தோட்டத்தின் மரங்கள் பெருமளவில் சாய்ந்தபோது அவருக்கு வயது 80. அப்போதும் சீரமைப்புக்கான நிதியைத் திரட்டும் பணியில் அவரே முன்னின்றார். அவர் 1956 ஆம் ஆண்டில் மறைந்தார்.

== அமைப்பும் நடைமுறையும் ==

ஏறத்தாழ 450 ஏக்கர் பரப்புள்ள காட்டிலும் வயல்வெளியிலும் 32 பணிக்கூடங்கள் ஒன்றையொன்று பாராத வகையில் அமைந்துள்ளன. காலை உணவும் இரவு உணவும் பொதுக் கூடத்தில் பரிமாறப்படும். நண்பகல் உணவு ஒரு கூடையில் வைக்கப்பட்டுப் பணிக்கூடத்தின் வாயிலில் விட்டுச் செல்லப்படும். அழைப்பின்றி ஒருவரின் பணிக்கூடத்திற்குள் மற்றவர் நுழைவதில்லை. மாலையில் விரும்புவோர் தம் படைப்பைச் சக கலைஞர்களுக்குக் காட்டலாம். எவரும் அதற்குக் கட்டாயப்படுத்தப்படுவதில்லை.

ஒவ்வொரு பணிக்கூடத்திலும் அங்குத் தங்கியவர்கள் தம் பெயரையும் காலத்தையும் எழுதிய மரப்பலகைகள் தொங்குகின்றன. இவற்றைக் 'கல்லறைக் கற்கள்' என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவர்.

கட்டடக்கலை, திரைப்படம், இலக்கியம், இசையமைப்பு, நாடகம், காட்சிக்கலை, பல்துறைக் கலை ஆகிய ஏழு துறைகளில் விண்ணப்பங்கள் ஏற்கப்படுகின்றன. அந்தந்தத் துறை வல்லுநர் குழுக்கள் படைப்பின் தரத்தைக் கொண்டு கலைஞர்களைத் தேர்வு செய்கின்றன.

== இங்கு உருவான படைப்புகள் ==

* தோர்ன்டன் வைல்டர் தமது *அவர் டவுன்* நாடகத்தின் ஒரு பகுதியை 1937 ஆம் ஆண்டில் இங்கு எழுதினார். அந்நாடகம் அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.
* இசையமைப்பாளர் ஏமி பீச், 1921 ஆம் ஆண்டில் இங்குத் தங்கியிருந்தபோது, காட்டில் பூங்குருவி ஒன்று பாடியதைக் கேட்டு இசைக்குறியீடாக எழுதிக்கொண்டார். அதைக்கொண்டு இரண்டு பியானோ உருப்படிகளை இயற்றினார்.
* கவிஞர் எட்வின் ஆர்லிங்டன் ராபின்சன் 1911 முதல் தம் இறுதிக்காலம் வரை கோடைதோறும் இங்கு வந்து எழுதினார்.

வில்லா கேதர், ஜேம்ஸ் பால்ட்வின், ஏரன் கோப்லாந்து, லெனார்ட் பெர்ன்ஸ்டைன் ஆகியோரும் இங்குப் பணியாற்றியவர்கள்.

== வரிவிலக்கு வழக்கு ==

அறநிறுவனம் என்ற முறையில் மெக்டவலுக்குச் சொத்துவரி விலக்கு இருந்துவந்தது. பீட்டர்பரோ ஊர் நிருவாகம் இதனை மறுத்தது. நிறுவனத்தால் பயன் பெறுவோர் தேர்ந்தெடுக்கப்பட்ட கலைஞர்களே, பொதுமக்கள் அல்லர் என்பது அதன் வாதம். இங்குத் தங்கும் கலைஞர் ஒருவர் எதையும் எழுதி முடிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லாததால், தனிமையை அளிப்பது பொதுநலச் சேவை ஆகுமா என்ற வினா எழுந்தது. கலை வளர்வதற்கான சூழலை வழங்குவதே பொதுமக்களுக்குப் பயனளிப்பதாகும் என்ற நிலைப்பாட்டை ஏற்று, நியூ ஹாம்ப்சயர் உச்ச நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டில் மெக்டவலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கலை நிறுவனங்களின் வரி உரிமை தொடர்பில் இத்தீர்ப்பு குறிப்பிடத்தக்கது.

== பெயர் மாற்றம் ==

'காலனி' என்னும் சொல் குடியேற்ற ஆதிக்கத்தையும் பிறரை விலக்கிவைத்தலையும் நினைவூட்டுகிறது என்று நிறுவனத்தின் பணியாளர்கள் எடுத்துரைத்தனர். இதனையடுத்து 2020 ஆம் ஆண்டில் நிருவாகக் குழு அச்சொல்லைப் பெயரிலிருந்து நீக்கியது.

== மதிப்பளிப்புகள் ==

இவ்வுறைவிடம் 1962 ஆம் ஆண்டில் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கத்தைப் பெற்றது. கலைத்துறையில் சிறந்து விளங்குவோருக்கு மெக்டவல் நிறுவனமும் எட்வர்ட் மெக்டவல் பதக்கத்தை வழங்குகிறது. 1960 ஆம் ஆண்டில் இதனை முதலில் பெற்றவர் தோர்ன்டன் வைல்டர். வழக்கமாகப் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கும் பணிக்கூடங்கள், இப்பதக்கம் வழங்கப்படும் கோடைக்கால நாளில் பார்வையாளர்களுக்காகத் திறந்துவைக்கப்படுவது வழக்கம்.